எண்ணெய் ஆவியாகாது

விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து சந்திரகாந்தா அக்கா வாயைத் திறக்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியும் அதே ஜன்னல், அதே முகம். பேசாத அக்காவோடு பிரயாணம் பண்ணுவதும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதான்.

"அக்கா, ஏதாவது பேசுங்க. இல்லாட்டி கண்டக்டர் நம்மள புருஷன் பொண்டாட்டின்னு நெனச்சுக்குவான்" என்றேன்.

"உன்ன மாதிரி ஒருத்தன் புருஷனா வந்திருந்தா இந்நேரம் நான் வேலூர் ஜெயில்ல இருந்திருப்பேன். சும்மா வா."

அப்பாடா, வாய் திறந்தது.

நான் அமீர் பாட்சா. ஊர் கோட்டக்குப்பம். பிழைப்பு விழுப்புரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் சந்திரகாந்தா துப்பறியும் நிலையத்தில் உதவியாளன். நிலையம் என்றால் ரெண்டு நாற்காலி, ஒரு ஃபேன், அவ்வளவுதான். அக்கா முன்னே கோர்ட்டில் டைப்பிஸ்ட். பொய் சாட்சியை டைப் அடித்து அடித்து வெறுத்துப்போய் வேலையை உதறியவர். யாராவது வாய் கூசாமல் பொய் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்குக் கோபம் வர அந்தக் காரணம்கூடத் தேவையில்லை.

இந்தக் கேஸில் வெறும் கோபம் மட்டும் இல்லை, வயிற்றெரிச்சலும் இருந்தது. செத்தவன் சர்புதீன். துபாயில் செண்ட் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, திண்டிவனத்தில் வாடகை வீடு பிடித்து மாடி அறையில் அத்தர் தயாரித்தவன். அவன் பெண்டாட்டி ரிஸ்வானா எங்கள் தெருப் பெண். என்னை அண்ணே என்று கூப்பிட்டு வளர்ந்தவள். மாடி அறையில் கரைப்பான் ஆவி நிறைந்து, மூச்சு முட்டி சர்புதீன் செத்துவிட்டான், விபத்து என்று போலீஸ் எழுதி மூடிவிட்டது. மாமியார் குல்சும் பீவி மூடவில்லை. மருமகள் கவனக்குறைவால்தான் மகன் செத்தான் என்று சொல்லி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோட்டக்குப்பம் போய்விட்டாள்.

ரிஸ்வானா போனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, யாரு கொன்னாங்கன்னு நான் கேக்கல. என்னாலதான் செத்தாரான்னு மட்டும் கண்டுபுடிச்சு சொல்லுங்க."

நானும் என்னென்னமோ கேஸ் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

*

ரிஸ்வானா திண்டிவனம் வீட்டிலேயே இத்தாவில் இருந்தாள். புருஷன் செத்த பெண் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆம்பளை கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதனால் நான் கூடத்தில், அவள் திரைக்கு அந்தப் பக்கம், அக்கா அவள் பக்கத்தில். துப்பறிகிறவன் திரையைப் பார்த்துத் துப்பறிய வேண்டிய நிலைமை.

"மொதல்ல இருந்து சொல்லும்மா. அவர் மாடியில என்ன பண்ணுவாரு?" அக்கா கேட்டார்.

"பூவுல இருந்து வாசன எடுப்பாருக்கா. பூவை ஒரு கரைப்பான்ல ஊற வப்பாரு. பெட்ரோல் மாதிரி வாட வரும். அப்புறம் அத கண்ணாடிக் குடுவையில ஊத்தி, கரண்ட் அடுப்பு மேல வெந்நீர்ச் சட்டியில வச்சு சூடு காட்டுவாரு. கரைப்பான் ஆவியா மேல ஏறும். வாசன கீழ தங்கிடும். அந்த ஆவிய வுட்டா காசும் போச்சு, ஆளும் போச்சு. அதனால கண்டன்சர் வச்சு திரும்பப் புடிப்பாரு."

"கண்டன்சர்னா?" நான் திரையைப் பார்த்துக் கேட்டேன்.

"ஒரு கண்ணாடிக் குழாய்க்குள்ள இன்னொரு குழாண்ணே. உள்குழாய்ல ஆவி போவும். அதச் சுத்தி வெளிக்குழாய்ல பச்சத்தண்ணி ஓடிக்கினே இருக்கும். ஆவி குளுந்து தண்ணியா மாறி அந்தாண்ட பாட்டில்ல சொட்டும். கீழ ஒரு பக்கெட் தண்ணி, அதுல ஏர்கூலர் மோட்டாரு. அந்த பக்கெட்ட ரொப்பறது என் வேல." குரல் உடைந்தது. "அன்னிக்கு நான் ரொப்பலக்கா. கவுத்துப் போட்டுட்டுப் போய்ட்டேன்."

"ஏன்?"



"சண்ட. போலீஸ்ல இத சொல்லல, வெக்கமா இருந்துச்சு. காலையில சமையக்கட்டுல இருந்து எண்ண டின்ன தூக்கிக்கினு மாடிக்குப் போய்ட்டாரு. மல்லாட்ட எண்ண. தாளிக்க சொட்டுகூட வைக்கல. மொத்தத்தையும் குடுவையில ஊத்திட்டாரு. பூவு வச்சு பண்றது போதாதுன்னு எண்ணயிலயும் ஆரம்பிச்சுட்டியான்னு கத்தினேன். ஒரு விஷயம் பாக்கணும், சும்மா இருன்னாரு. நான் பக்கெட்ட கவுத்து வச்சு, நீயே ரொப்பிக்கோன்னு சொல்லிட்டு புள்ளையத் தூக்கினு அம்மா வூட்டுக்கு பஸ் ஏறிட்டேன். சாயந்தரம் போன் வந்துச்சு."

அவளே தொடர்ந்தாள். "பக்கெட்ல கொஞ்சமாத்தான் தண்ணி இருந்துச்சாம், மோட்டார் காத்த இழுத்துச்சாம், ஆவி குளுராம ரூமெல்லாம் ரொம்பிடுச்சாம். மாடி ஏறி எறங்க சோம்பல்பட்டு கொஞ்சமா ஊத்திக்கினாரு, நீ இருந்திருந்தா ரொப்பியிருப்பன்னு மாமி சொல்றாங்க. அது நெசம்தானேக்கா?"

ஒரு கடலை எண்ணெய் டின்னுக்காகச் சண்டை. எந்த வீட்டில் இல்லை? எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

அக்கா நிதானமாகக் கேட்டார். "அந்த எண்ண ஏது?"

"வீட்டு ஓனர் குடுக்கறது. புஷ்பதந்தன் நயினாரு. மில்லு வச்சிருக்காரு, பொற்செக்கு எண்ண அவருதுதான். மாசா மாசம் ஒரு சின்ன டின்னு சும்மா குடுப்பாரு. அன்னிக்கு வாட வருதுன்னு வந்து கதவத் தட்டிப் பாத்து, போலீஸக் கூப்பிட்டதும் அவருதான். இப்பவும் அவங்க வீட்டுல இருந்துதான் எனக்கு சோறு வருது."

*

மாடி அறையைத் திறந்து காட்ட இன்ஸ்பெக்டர் வேங்கடேசன் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மூடிய கேஸைத் திறக்கச் சொன்னால் பல் டாக்டரிடம் வந்த ஆள் மாதிரி முகம் வைத்துக்கொள்வார்.

"எல்லாம் அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கும்மா. கை வைக்கல" என்றார்.

உள்ளே நுழைந்ததும் வாசனை ஆளைத் தூக்கியது. மரிக்கொழுந்து, மல்லி, வெட்டிவேர் எல்லாம் சுவரிலேயே ஊறியிருந்தது. கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டேன், அதிலும் வாசனை. மேஜை மேல் கரண்ட் அடுப்பு, அதன் மேல் சட்டி, அதற்குள் உருண்டைக் குடுவை, அதிலிருந்து சாய்ந்து இறங்கும் கண்டன்சர், முனையில் காலி பாட்டில். கீழே பக்கெட்டில் கை நனையும் அளவு தண்ணீர்.

அக்கா குடுவையைக் குனிந்து பார்த்தார். விரலைச் சுற்றித் துணியைக் கட்டி உள்ளே விட்டுத் துடைத்து எடுத்தார். துணி காய்ந்திருந்தது.

"சார், உங்க வீட்டுல வட சுடுவாங்களா?"

"சுடுவாங்க. ஏன்?"

"வாணலி எண்ணய அப்படியே அடுப்புல வச்சிருந்தா எண்ண ஆவியாப் போயிடுமா?"

"அதெப்படிம்மா போவும்? கருகும், பொகையும். வாணலி புடிச்சுக்கும்."

"வெந்நீர் சூட்டுல அதுகூட ஆவாது. காலையில இந்தக் குடுவையில ஒரு டின் மல்லாட்ட எண்ண ஊத்தினாரு சர்புதீன். சாயந்தரம் நீங்க பாக்கும்போது குடுவை கழுவி வச்ச டம்ளரவிட சுத்தமா இருக்கு. எண்ண எங்க?"

இன்ஸ்பெக்டர் குடுவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஏதோ குடித்துவிட்ட மாதிரி.

"சத்தியமா நான் இல்ல சார், எனக்கு கொலஸ்ட்ரால்" என்றேன்.

"டின்னும் வீட்டுல இல்ல, ரிஸ்வானா கிட்ட கேட்டுட்டேன். இது வேற குடுவை. யாரோ எண்ணக் குடுவைய எடுத்துட்டு, இத மாட்டி, கரைப்பான ஊத்தி சூடு பண்ணி, கதவ சாத்திட்டுப் போயிருக்காங்க. விபத்து மாதிரி காட்ட பக்கெட்ல கொஞ்சம் தண்ணி. சுத்தமா தண்ணி இல்லன்னா எந்த முட்டாளும் அடுப்ப போட மாட்டான்னு நீங்க சந்தேகப்படுவீங்களே."

வேங்கடேசன் நாற்காலியைத் தேடினார். நாற்காலி இல்லை. ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொண்டார்.

பின்பக்கம் ஒரு கிணறு. எட்டிப் பார்க்க நான் இறங்கிப் போனேன், அக்காவும் வந்தார். ராட்டினக் கட்டை மேல் ஒரு வெள்ளைத் துணி காய்ந்து கிடந்தது. ஒரு முழத்துக்கு மேல் நீளம், மெல்லிய மல் துணி.

"அது அத்தர் வடிகட்டுற துணி. மேல ஒரு கட்டே இருக்கு" என்று மாடியிலிருந்து இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தார்.

அக்கா துணியை எடுத்து மூக்கருகில் வைத்தார். என்னிடம் நீட்டினார்.

"வாசன வருதா?"

முகர்ந்தேன். கிணற்றுத் தண்ணீர் வாடை, வெயில் வாடை, வேறு ஒன்றும் இல்லை. தாழ்ப்பாளே மணக்கும் வீட்டில் அத்தர் வடிகட்டிய துணி மணக்கவில்லை என்றால் அது அத்தரையே பார்க்காத துணி. துணி ரெண்டாக மடித்திருந்தது. நாலு முனையிலும் எதையோ சுற்றிக் கட்டி அவிழ்த்த சுருக்கம்.

அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"என்னக்கா?"

"ஒன்னும் இல்ல. கடைக்குப் போய் பொற்செக்கு எண்ண ஒரு டின் வாங்கியா. ஜல்தி."

*

அன்று மத்தியானம் அந்தக் கண்டன்சரை மறுபடி ஓட விட்டது ரிஸ்வானா. புருஷனைக் கொன்றதென்று நம்பிய கண்ணாடியை அவளே துடைத்து அவளே மாட்டினாள். நானும் இன்ஸ்பெக்டரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. கதவை ஒருக்களித்து வைத்திருந்தார்கள். அவள் குரல் மட்டும் வந்தது.

"அக்கா, தண்ணி கீழ்வாயில ஏறணும், மேல்வாயில எறங்கணும். மாத்திக் கட்டினா குழா ரொம்பாது, நடுவுல காத்து நின்னுக்கும். ஆமா, அப்படித்தான். இறுக்கிக் கட்டுங்க."

காலையில் திரைக்குப் பின்னால் உடைந்த குரலா இது என்று இருந்தது. வேலை கையில் வந்ததும் பெண் நிமிர்ந்துவிட்டாள்.

சட்டித் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் எதுவும் நடக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். நான் அதைத் தொற்றிக்கொண்டேன்.

"சொட்டுதுக்கா!" என்றாள் ரிஸ்வானா. "நல்ல எண்ணயில சொட்டவே கூடாது. ரெண்டு... பாருங்க, சொட்டிக்கினே இருக்கு."

அக்கா ஒரு சின்ன பாட்டிலோடு வெளியே வந்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். அடியில் கொஞ்சம் தெளிவான திரவம். எனக்கே வாடை அடித்தது. பெட்ரோல் பங்க் வாடை.

"எண்ண ஆவியாகாது சார். அதுல கலந்திருக்கறது ஆவியாகும். சர்புதீன் மூக்கு செண்ட் கம்பெனி மூக்கு. தாளிக்கும்போதே அவருக்கு சந்தேகம் வந்துருக்கு. கண்டன்சர்ல புடிச்சுப் பாத்துட்டாரு."

"அப்ப செக்கு எண்ணன்னு..."

"செக்குல ஆட்டின எண்ணயே இல்ல. பிண்ணாக்க கரைப்பான்ல ஊற வச்சு மிச்ச எண்ணய உறிஞ்சி, கரைப்பான சரியா ஓட்டாமலே டின்ல அடச்சு, செக்குன்னு பேர் ஒட்டி விக்கறாரு. கொழந்தைக்குத் தடவற எண்ணன்னு ஊரே வாங்குது."

பின்னாலிருந்து ரிஸ்வானா குரல் வந்தது. "அக்கா, என் புள்ளைக்கும் அதத்தான் தேச்சேன்."



வேங்கடேசன்தான் முதலில் சுதாரித்தார். "கலப்படம் சரிம்மா. அது உணவுப் பாதுகாப்பு ஆபீஸ் கேஸு. கொலைக்கு என்ன சாட்சி? நயினாரு ஊர்ல பெரிய மனுஷன். எறும்பு மிதிச்சாக்கூட குளிக்கற ஆளு."

"சாட்சி அவரே சொல்லுவாரு. யூனிஃபார்ம மாத்திக்கினு ஒரு டின் எடுத்துக்கினு வாங்க. எண்ண வாங்க வந்தவர் மாதிரி நில்லுங்க."

"அவரு எதுக்கும்மா சொல்லப் போறாரு?"

அக்கா அந்த வெள்ளைத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். "எனக்கு அவர சின்ன வயசுல இருந்து தெரியும். எங்க ஜைன ஜனம்தான். எங்க அம்மா வழியில அண்ணன் மொறை."

பஸ்ஸில் ஏன் பேசாமல் வந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டு ஓனர் யார் என்று போனிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்த வீட்டுக்கு எழவு கேஸுக்குப் போகிறவர் எப்படிப் பேசுவார்?

*

மில் மரக்காணம் ரோட்டில். முன்பக்கம் வாடிக்கையாளர் பார்க்க ஒரு மரச்செக்கு மட்டும் கிர் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. பின்பக்கம் பெரிய தகரக் கொட்டகை, பூட்டிய கதவு. புஷ்பதந்தன் நயினார் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். பார்த்தால் பெண் கொடுக்கத் தோன்றும்.

"வாம்மா சந்திரா! எத்தினி வருஷம் ஆச்சு. அஞ்சம்மா, தண்ணி கொண்டா!"

அஞ்சம்மாள் கிணற்றிலிருந்து குடம் எடுத்து வந்து, தவலை வாயில் துணி கட்டி வடித்தாள். வடித்த துணியை வாஷ்பேசினில் அலசப் போனாள். நயினார் எழுந்தே விட்டார்.

"எத்தினி தடவ சொல்றது உனக்கு! கிணத்துத் தண்ணிய வடிச்சா துணிய கிணத்துலதான் அலசணும். அதுல கண்ணுக்குத் தெரியாத ஜீவன் இருக்கு. வந்த எடத்துலயே வுடணும். வேற தண்ணியில போட்டா செத்துடும். பாவம் இல்லையா? துணிய ரெண்டா மடிச்சியா?"

"மடிச்சேங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு அஞ்சம்மாள் கிணற்றடிக்குப் போனாள்.

நான் அக்காவின் பையைப் பார்த்தேன். ரெண்டாக மடித்த துணி. நாலு முனையில் கட்டிய சுருக்கம். கிணற்று ராட்டினம்.

இன்ஸ்பெக்டர் லுங்கியும் பனியனுமாக டின்னோடு செக்குப் பக்கம் நின்றிருந்தார். அவரையும் பார்த்தேன். அவருக்கு இன்னும் புரியவில்லை.

அக்கா தண்ணீரைத் தொடவில்லை.

"அண்ணா, ஒரு பேஜாரான விஷயம். அந்த அத்தர்க்காரர் செத்தது விபத்து இல்ல போல."

நயினார் கையிலிருந்த பேனா நின்றது. "அப்படியா? போலீஸ் விபத்துன்னுதானே சொன்னாங்க."

"பக்கெட்டுக்குத் தண்ணி சேந்தினவன் அத வடிகட்டி ஊத்தியிருக்கான். சூடாவப் போற தண்ணியாச்சே, ஜீவன் வெந்துடும்னு. துணி கெடச்சுது." அக்கா பையிலிருந்து துணியை எடுத்து மேஜையில் வைத்தார். "துலுக்கர் வீட்டுல யாருண்ணா தண்ணிய மடிச்ச துணியில வடிப்பாங்க? நம்ம ஜனத்துல ஒருத்தன்தான்."

"யாரோ வேலைக்காரங்க வச்சிருப்பாங்கம்மா." குரல் வழவழவென்று இருந்தது. இந்த ஆள் வழுக்கிப் போகப் போகிறான் என்று நினைத்தேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நம்ம ஆளா இருந்தா இப்படிப் பண்ண மாட்டான். ஏன்னா வடிச்ச துணிய மாடியில கொண்டாந்து வெறும் சிமெண்டுத் தரையில உதறிப் போட்டிருக்கான். உச்சி வெயிலு. அதுல இருந்த ஜீவன் அத்தனையும் துடிச்சு துடிச்சுக் காஞ்சு போயிருக்கும்."

நான் திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தேன். துணி கிடந்தது கிணற்று ராட்டினத்தில். அக்கா பொய் சொல்கிறார்! பொய்க்காகவே வேலையை விட்ட மனுஷி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அரைகுறை நியமம். அம்மா அப்பன் சொல்லிக் குடுக்காத வளர்ப்பு. நம்ம பேர வச்சுக்கினு திரியற போலி எவனோ. ஒரு குடம் தண்ணியில இருந்த அத்தனை உசுரையும் தரையில கொட்டிக் கொன்ன பாவி..."

"நிறுத்தும்மா!" நயினார் மேஜையைத் தட்டினார். முகம் சிவந்துபோயிருந்தது. "தெரியாம வாய்க்கு வந்தபடி பேசாத. தரையில எவன் உதறினான்? கிணத்துலதான் எறக்கினேன். மூணு தடவ தண்ணிக்குள்ள வுட்டு அலசிட்டுத்தான் ராட்டினத்துல போட்டேன். நானா அந்தப் பாவத்த..."

அங்கே நின்றுவிட்டார்.

செக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் டின்னைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நயினார் அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து மெதுவாக உட்கார்ந்தார்.

பிறகு அவராகவே பேசினார். சர்புதீன் அன்று காலை போன் பண்ணி, வந்து பாருங்க நயினாரே என்று கூப்பிட்டிருக்கிறான். சொட்டிய பாட்டிலைக் காட்டி, ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்கிறேன், டின்னையெல்லாம் கடையிலிருந்து திரும்ப எடுத்துடுங்க என்று சொல்லியிருக்கிறான். சோறு போட்டவர் என்கிற மரியாதை. அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது. குனிந்து அடுப்பை அணைத்தவன் முகத்தில், அங்கேயே இருந்த கரைப்பானில் நனைத்த துண்டை வைத்து அழுத்தியிருக்கிறார்.

"மயக்கம்தான் போட்டாருன்னு நெனச்சேன்" என்றார் நயினார். "ரொம்பப் போராடினாரு. பக்கெட்டு கவுந்து தண்ணியெல்லாம் கொட்டிடுச்சு."

அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார், இல்லாவிட்டால் அந்த ஆளைக் கல்லாவோடு சேர்த்துக் கவிழ்த்திருப்பேன்.

"அவன் மூச்சு நின்னுச்சா இல்லையான்னுகூடப் பாக்காம கீழ போய் தண்ணி வடிகட்டினியா?" அக்கா கத்தினார். அண்ணா போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. "தண்ணியில இருந்த உசுருக்கு மூணு தடவ அலசினியே, மேல கெடந்தது என்னடா? அது உசுரு இல்லையா?"

எண்ணெய்க் குடுவையும் டின்னும் சின்ன பாட்டிலும் பின் கொட்டகையில் பிண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே கிடைத்தன. குடுவையில் எண்ணெய் அப்படியே இருந்தது. கொட்டினால் வாடை வரும், உடைத்தால் ஆள் வரும் என்று பயந்திருக்கிறார்.

வெளியே வந்ததும் அக்கா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அமீரு, நானும் இன்னிக்குக் காலையில இதே மாதிரி ரெண்டா மடிச்சுத்தான் வடிகட்டினேன். எங்க அம்மா சொல்லிக் குடுத்தது. அந்த ஆளுக்கும் எங்க ஜனம்தான் சொல்லிக் குடுத்துது."

"துணி என்னக்கா பண்ணும்?" என்றேன். "எங்க தெருவுல அஞ்சு வேளை தொழுதுட்டு வந்து தராசுல விரல் வைக்கிறவன் இருக்கான். அதுக்காக நான் பள்ளிவாசல் போறத நிறுத்திட்டேனா?"

"நீ எப்படா போன?"

"பெருநாளைக்குப் போவேன்க்கா."

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தார்.

*

குல்சும் பீவிக்கு நான்தான் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொல்லவில்லை, உடனே புள்ளையோடு வாங்க என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கிய அம்மாள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சலாம் சொன்னேன், வாய்க்குள் பதில் வந்தது.

அக்கா திரைக்கு அந்தப் பக்கம் போனார். கூடத்துக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே பேசினார்.

"ரிஸ்வானா, உன் புருஷன் தண்ணி இல்லாததால சாவல. நீ பக்கெட்ட ரொப்பி வச்சுட்டுப் போயிருந்தாலும் அவர் செத்திருப்பாரு. அந்த ஆளு வரும்போது அவர் வேலைய முடிச்சு அடுப்ப அணைச்சுட்டாரு. அவருக்கு வேண்டிய தண்ணிய அவரே ஊத்திக்கினாரு, ஒழுங்கா வேல பாத்தாரு, ஒரு சொட்டு ஆவிகூட வெளிய போவல. அவரக் கொன்னது புஷ்பதந்தன். அந்த எண்ண விஷயம் வெளிய வரக் கூடாதுன்னு."

குல்சும் பீவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"நெசமாவாக்கா?" என்று ரிஸ்வானா குரல் வந்தது. "என்னால இல்லையா?"

"உன்னால இல்லம்மா."

"நான் இருந்திருந்தா..."

"நீ இருந்திருந்தா உன்னையும் புள்ளையையும் சேத்து பொணமாத்தான் எடுத்திருப்பாங்க. உன்னால இல்ல."

அதற்கப்புறம் ஒரு அழுகை கேட்டது. நான் எழவு வீடு நிறையப் பார்த்தவன். அது செய்தி வந்த அன்றைக்கு அழுகிற அழுகை. அவ்வளவு நாளாக அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தாளே தவிர புருஷனுக்காக அழவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கண்ணும் நிறைந்துவிட்டது, வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

குல்சும் பீவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"இந்தாடி, உன் புள்ளைய வாங்கு" என்றது குரல். பிறகு அந்தக் குரலும் உடைந்தது. "உன்னத் திட்டிக்கினே இருந்துட்டேன்டி இத்தினி நாளா. எம்மவனுக்காக நான் இன்னும் அழவே இல்லையேடி, ரிஸ்வானா. கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் அழறேன்."